சான்றிதழில் ஒரு கட்டம்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகள் வழங்கும் மாற்றுச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, கட்டண விவரம் எல்லாம் கடந்த பிறகு, கீழ்ப்பகுதியில் ஒரு கட்டம் வரும். மாணவர் வழக்கமாக எந்த விளையாட்டில், எந்தப் பாடப்புறச் செயல்பாட்டில் பங்கேற்றார், எட்டிய நிலை என்ன என்று அது கேட்கும். மத்தியப் பிரதேசத்தின் நர்மதைச் சமவெளி மாவட்டம் ஒன்றில் இருக்கும் ஜவஹர் நவோதயா வித்யாலயாவில், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் அலுவலக எழுத்தர் மே மாதப் புழுக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பார். கோ-கோ, கைப்பந்து, பாட்டு, சாரணர் என ஏதேனும் ஒரு சொல். அதன் பக்கத்தில் 'கிளஸ்டர்' அல்லது 'மண்டலம்' என்று நிலை. எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஒரு சிறு கோடு. ஏழாண்டு விடுதி வாழ்க்கைக்கு அந்தக் காகிதம் ஒதுக்கியிருக்கும் இடம் அவ்வளவே.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நவோதயா நேரில் பழகிய பள்ளியன்று. 1985-86இல் ஹரியாணாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1986 தேசியக் கல்விக் கொள்கையின் வழியாக மாவட்டத்துக்கு ஒன்று என்று பரவிய உறைவிடப் பள்ளிகள் இவை. ஆறாம் வகுப்புக்கு ஒரு நுழைவுத் தேர்வு. அதிகபட்சம் 80 இடங்கள். அவற்றில் குறைந்தது 75 விழுக்காடு ஊரகப் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், உணவு, சீருடை, புத்தகம் எல்லாம் அரசின் பொறுப்பு. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்கள் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்படுவர். இருமொழிக் கொள்கையின் பொருட்டு இப்பள்ளிகளை ஏற்காத ஒரே மாநிலம் தமிழ்நாடு. ஆகவே நீலகிரியைப் பார்த்தேயிராத பிள்ளைகள் இந்தியா முழுவதும் 'நீலகிரி வாழ்க' என்று தொண்டை கட்டக் கத்துகிறார்கள். நீலகிரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சல் தெரியாது. இதன் நியாய அநியாயம் வேறோர் இடத்தில் பேச வேண்டியது.

இந்த ஆண்டு வெளியேறிய அணி 2019இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவருடனும் ஒரு தகரப் பெட்டி. மூடியின் மேல் யாரோ ஒரு மாமனோ அண்ணனோ வெள்ளைப் பெயிண்டில் எழுதித் தந்த பெயர். முதல் ஆண்டு முடியும் முன்பே, 2020 மார்ச்சில், சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பெட்டிகள் விடுதியிலேயே கிடந்தன. அவர்கள் திரும்பி வந்தபோது எட்டாம் வகுப்பு பாதி ஓடியிருந்தது.

அந்தத் திரும்பி வந்த நாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் பெட்டியைத்தான் முதலில் சொல்கிறார்கள். பூட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. சாவிகள் தொலைந்து ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. சில வீடுகளில் சாவியைத் தொங்கவிட்டிருந்த ஆணியே இல்லை, சுவர் இடிந்திருந்தது. உள்ளே என்ன வைத்தோம் என்பதும் பலருக்கு நினைவில்லை. வாட்ச்மேன் சுத்தியலோடு வந்தார். அப்போது சிவாலிக் இல்லத்தைச் சேர்ந்த, அதுவரை யாரும் குரலைக் கேட்டிராத ஒரு பையன், சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றை வளைத்துத் தன் பூட்டைத் திறந்துவிட்டான். பிறகு அடுத்த கட்டில். அதற்கடுத்த கட்டில். மாலைக்குள் விடுதியின் பெரும்பாலான பெட்டிகள் திறந்துவிட்டன. தோளில் ஏறாத சட்டைகள், கரையான் தின்ற நோட்டுகள், ஒரு டப்பாவில் கல்லாகிப் போன லட்டு, யாரோ யாருக்கோ கொடுக்க வைத்திருந்த ராக்கிக் கயிறு. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் தன் ஆறாம் வகுப்புக் காலணியைக் காலருகே வைத்து அளந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தானாம்.

அன்றிலிருந்து ஆரக்கம்பிக்காரனுக்குப் பெயர் 'சாபி'. போர்த்துக்கீசியரின் சொல் தமிழில் சாவியாகவும் இந்தியில் சாபியாகவும் நிற்கிறது. இந்த அணியின் பிள்ளைகளுக்கு இயற்பெயர் இட்டு எழுதுவது முறையுமில்லை, தேவையுமில்லை. விடுதி இட்ட பட்டப்பெயர்கள் பதிவேட்டுப் பெயர்களைவிடத் துல்லியமானவை.

'அலாரம்' என்றொருவன் இருந்தான். சேர்ந்த புதிதில் இரவெல்லாம் அழுது, விடியலுக்கு முன்பே விழித்துக் கிடந்து, அந்த விழிப்பே பழக்கமாகிப்போனவன். பன்னிரண்டாம் வகுப்பில் இல்லத் தலைவனானபோது காலை உடற்பயிற்சிக்கு எல்லோரையும் எழுப்பும் பொறுப்பு இயல்பாகவே அவனுக்கு வந்தது. மற்றத் தலைவர்கள் விசில் ஊதுவார்கள், போர்வையை இழுப்பார்கள். இவன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பாதத்தை மெல்லத் தொட்டு எழுப்புவான். காரணம் கேட்டால், "தூக்கத்தில் சத்தம் கேட்டால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று தோன்றும்" என்றான்.

கோ-கோ ஆடிய பெண்ணுக்குப் 'புயல்' என்று பெயர். எல்லாப் பள்ளியிலும் ஒரு புயல் உண்டு, ஆதலால் அதை விரிக்க வேண்டாம். ஒன்றே ஒன்று. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள் மண்டலப் போட்டியில் முதன்முறையாக ரப்பர் விரிப்பின் மேல் ஓடினார்கள். திரும்பும் கணத்தில் பாதம் தீய்ந்தது. தோற்று வந்த இரவு, கொப்புளங்களோடு உட்கார்ந்து, அடுத்த அணி எந்தக் காலுறை அணிய வேண்டும், கம்பத்தை எந்தக் கோணத்தில் பிடித்துத் திரும்ப வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதி உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்தாள். சான்றிதழில் இவளுக்கு 'கோ-கோ, மண்டல நிலை' என்று வரும். கட்டத்துக்குள் சரியாகப் பொருந்திய வெகு சிலரில் அவள் ஒருத்தி.

பொருந்தாதவர்களைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவோதயாவில் ஓர் ஏற்பாடு உண்டு. இந்தி பேசும் மாநிலப் பள்ளிகளுக்கும் பேசாத மாநிலப் பள்ளிகளுக்கும் இடையே, ஒன்பதாம் வகுப்பில் 30 விழுக்காடு மாணவர்கள் ஓராண்டுக்கு இடம் மாறுவார்கள். இந்தப் பள்ளியின் இணைப் பள்ளி கேரளத்தில். அதனாலேயே இங்கு மூன்றாம் மொழி மலையாளம். நர்மதைக் கரைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே 'ழ'வோடு மல்லுக்கட்டுகிறார்கள். இந்த அணியிலிருந்து கேரளம் போய்வந்தவர்களில் ஒருத்திக்குப் பெயர் 'துபாஷியா'. ஆனந்தரங்கப் பிள்ளையின் புதுச்சேரியில் துபாஷி என்று வழங்கிய அதே சொல்தான். போகும்போது மூன்று நாள் அழுதவள். திரும்பும்போது ஐந்து நாள் அழுதாள் என்று மேட்ரன் கணக்கு வைத்திருக்கிறார்.

ஒவ்வோர் ஆண்டும் கேரளத்திலிருந்து புதிய ஒன்பதாம் வகுப்புக் கூட்டம் வந்து இறங்கும். சோறு இல்லாத இரவுணவு, புரியாத திட்டு, அதுவரை அறியாத குளிர். பத்தாம் வகுப்பிலிருந்தே அவர்களிடம் முதலில் போய் நிற்பவள் துபாஷியா. ஒருமுறை காய்ச்சலில் கிடந்த ஒரு பெண் இரண்டு நாளாக 'வயறு வேதன' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். செவிலியருக்கு அவள் ஏதோ வேதனையில் இருக்கிறாள் என்பது புரிந்தது, எங்கே என்பது புரியவில்லை. வகுப்பிலிருந்து கூட்டிவரப்பட்ட துபாஷியா வலியைச் சொன்னதோடு நிற்கவில்லை. அது எந்த வகை வலி, மாதத்தின் எந்த நாள், ஆண் ஆசிரியர் அறையில் இருந்ததால் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஆசிரியர் வெளியே போனார். வெந்நீர்ப் பை வந்தது.

பெற்றோர் தொலைபேசும் நேரத்தில் அவளுக்கு வேறு வேலை. பாலக்காட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் மகளோடு பேசி முடித்ததும், "ஆ சேச்சியக் கொடு" என்று கேட்டு இவளிடம் தனியாக விசாரிப்பார்: மகள் உண்மையிலேயே சாப்பிடுகிறாளா? இவள் மகள் சொன்ன பொய்யைக் காட்டிக்கொடுக்காமலும், அம்மாவிடம் புதிதாகப் பொய் சொல்லாமலும் ஒரு பதிலைக் கண்டுபிடிப்பாள். "இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், அம்மா." அன்று இரவு அப்படியே உட்கார வைத்துவிடுவாள். மொழிபெயர்ப்பியல் வகுப்புகளில் விசுவாசம், துரோகம் பற்றி நிறையப் பேசுகிறோம். அவற்றில் எதிலும் இந்தத் தொலைபேசி உரையாடல் உதாரணமாக வந்ததில்லை.

அவள் கேரளத்தில் முதன்முதலாகக் கற்ற சொல் 'சாரமில்ல'. யாரோ தட்டைக் கவிழ்த்துவிட்டபோது, கவிழ்க்கப்பட்டவள் சொன்னதாம். தமிழ்க் காதுக்கு அதன் பொருள் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்தச் சொல் சமவெளியின் நடுவே ஒரு பெண்கள் விடுதியில், மலையாளம் ஒரு வரி தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயிலும் வழங்குகிறது. மதிப்பெண் குறைந்தவளிடம் சாரமில்ல. வாளி கொட்டிவிட்டால் சாரமில்ல. ஞாயிற்றுக்கிழமை அப்பா வராவிட்டாலும் சாரமில்ல.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் 'ஆட்டா மந்திரி' வந்துவிடுகிறான்.

பள்ளியில் மாணவர் உணவுக் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுவாக அதன் செயலாளர் வேலை, கையெழுத்துப் போடுவது. பதினொன்றாம் வகுப்பில் அப்பதவிக்கு வந்த இவன், மாவு பிசையும் இடத்தில் போய் நின்றான். ஒரு வேளைக்கு எத்தனை ரொட்டி போகிறது என்று எண்ணத் தொடங்கினான். கோடு போட்ட நீண்ட நோட்டு ஒன்றில் கிழமை, வேளை, காய், மாவின் எடை, மீந்த ரொட்டி என்று பத்திகள். கொஞ்ச நாளில் அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: உருளைக்கிழங்கு நாளில் ரொட்டி கூடும், பூசணி நாளில் குறையும், தேர்வுக்கு முந்தைய இரவில் யாரும் சாப்பிடுவதில்லை, தேர்வு முடிந்த இரவில் மாவு போதாது. சமையற்காரர்கள் முதலில் எரிச்சல்பட்டார்கள். பின்னர் தாங்களே காலையில் அவனைத் தேடி, "மந்திரிஜி, இன்று எத்தனை கிலோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இளையோர் நாடாளுமன்றப் போட்டியின் ஒத்திகையில் இவனையே உணவு அமைச்சராக்கியிருந்தார்கள். கேள்வி நேரத்தில், எழுதிக்கொடுத்த வினாவை விட்டுவிட்டு, ஒரு பொடியன் எழுந்து வியாழக்கிழமைப் பருப்பு ஏன் தண்ணீராக இருக்கிறது என்று கேட்டான். அமைச்சர் மாண்புமிகு அவைத்தலைவரை விளித்து, கடந்த ஆறு வாரத்துப் பருப்பு எடையை மனப்பாடமாகச் சொன்னார். அவை ஒத்திவைக்கப்பட்டது.

அந்த நோட்டில் வேறொரு பத்தி பின்னால் சேர்ந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரும் நாள். வேப்ப மரத்தடிகளில் ஜமக்காளம் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூரியும் ஊறுகாயும் பிரித்து ஊட்டுவார்கள். அன்று மதியம் உணவுக்கூடத்துக்குக் கூட்டம் குறையும், ஆகவே மாவைக் குறைக்கலாம் என்பதுதான் முதலில் அவன் போட்ட கணக்கு. ஆனால் எண்ணிக்கை இடித்தது. பெற்றோர் வந்த பிள்ளைகளைக் கழித்த பிறகும் சாப்பிட வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். யாரும் வராத பிள்ளைகள் விடுதியிலேயே படுத்துக்கிடந்தார்கள். அந்த நாளில் உணவுக்கூடத்தில் போய் உட்காருவது என்பது, தனக்கு யாரும் வரவில்லை என்று எல்லோர் முன்னும் அறிவிப்பது போல.

இதை அவன் ஆய்ந்து கண்டுபிடித்தான் என்று சொல்ல முடியாது. அவனே ஆறாம் வகுப்பில் அப்படிப் படுத்துக்கிடந்தவன். தந்தைக்கு சூரத்தில் துணி ஆலை வேலை. ஞாயிறு என்பது அவருக்கு ஒரு ஷிப்ட். பதினொன்றாம் வகுப்பில் அவன் முதல்வரிடம் கேட்டுப் பெற்றது சிறிய மாற்றம்தான். பெற்றோர் நாளன்று மதியம் மூத்த வகுப்பு மாணவர்கள் அனைவரும், வீட்டார் வந்திருந்தாலும் வராவிட்டாலும், உணவுக்கூடத்துக்கு வந்து சின்னவர்களோடு கலந்து உட்கார வேண்டும். அன்றைக்குப் பாயசம் உண்டு. கூட்டம் நிறைந்துவிட்டால் யார் தனியாள் என்று தெரியாது. அடுத்த மாதத்து நோட்டில், மதிய ரொட்டியின் எண்ணிக்கைக்கு எதிரே அவன் எந்த விளக்கமும் எழுதவில்லை. எண்ணின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தான்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடப்புறம் என்றும் கறாரான பிரிவினை கூடாது என்று சொல்கிறது. நல்ல சொல். இந்த நோட்டு எந்தப் பக்கம் வரும் என்று அந்தக் கொள்கையைப் படித்தவர் யாரேனும் சொன்னால் நன்றாக இருக்கும். கணிதத்தில் மந்திரி வாங்கியது சுமாரான மதிப்பெண். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்குப் பொதுத் தேர்வு. கணினித் திரையில் விடை தேர்வு செய்ய வேண்டும். ஒரு கூடத்தில் சாப்பிட வராதவர்களை எண்ணத் தெரிந்தவனுக்கு அதில் தனியாக மதிப்பெண் இல்லை, இருக்கவும் முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பியானோ கற்றதையும் விவாத மேடை ஏறியதையும் எப்படிப் பெயரிட்டு, எங்கே எழுதிக் காட்ட வேண்டும் என்பதை வீடே கற்றுக்கொடுத்துவிடுகிறது. பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்றதில் அந்தப் பெயரிடும் திறமையும் ஒரு பகுதி. மந்திரியிடம் தன் வேலைக்கு ஒரு பெயர் இருந்ததில்லை. அவனைப் பொறுத்தவரை அது மெஸ் நோட்டு.

விடைபெறும் விழா பொதுத் தேர்வுக்கு முன்பே, பிப்ரவரியில் நடந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடத்தினார்கள். சேலை, கோட்டு, பட்டங்கள், அழுகை, குழுப்படம். எல்லாப் பள்ளியிலும் போலத்தான். மெய்யான பிரிவு அதற்குப் பிறகு வந்தது, ஒரே நாளில் வரவுமில்லை. பாடப் பிரிவுகள் வேறு, கடைசித் தேர்வு நாளும் வேறு. இயற்பியல்காரர்களுக்கு ஒரு தேதி, வணிகவியல்காரர்களுக்கு ஒரு தேதி, வரலாறு எடுத்தவர்களுக்கு மற்றொன்று. ஏழாண்டு ஒரே கூரையில் தூங்கியவர்கள் இரண்டு பேர், மூன்று பேராக உதிர்ந்தார்கள். தந்தையின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டியைக் கயிற்றால் கட்டும்போது, மற்றவன் மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். சன்னலிலிருந்து கையசைக்க மட்டும் நேரம். அலாரம் ஒரு விடியற்காலை, பேருந்துக்காக, தான் எழுப்ப வேண்டியவர்கள் எழும் முன்பே போய்விட்டான். துபாஷியா போன நாளில் ஒன்பதாம் வகுப்புக் கேரளப் பெண்கள் அவளுடைய தலையணை உறையில் தங்கள் வீட்டுத் தொலைபேசி எண்களை எல்லாம் பேனாவால் எழுதிவிட்டிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். எந்த மாநிலமானாலும் சரி என்று எழுதியிருக்கிறாள்.

மந்திரி ஏப்ரல் தொடக்கத்தில் கிளம்பினான். அழைத்துப்போக வந்தவர் அக்காள் கணவர். முடிவு வரும் வரை இரண்டு மாதம் சும்மா இருப்பானேன், சூரத்தில் தந்தையின் ஆலையிலேயே ஓர் இடம் பேசி வைத்திருக்கிறது என்றார் அவர். முதல்வர் அவரைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். நுழைவுத் தேர்வு அனுமதிச் சீட்டை எப்படி இறக்குவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவரும் தலையாட்டி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் என்பது எவ்வளவு காலம் என்று அந்த ஊர்ப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போகும் முன் மந்திரி நோட்டைப் பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த ஒருவனிடம் கொடுத்து, பூசணி நாளின் கணக்கை மட்டும் மறுபடி சரிபார்க்கச் சொன்னான். மே மாதத்தில் துபாஷியா தொலைபேசியில் பேசியபோது தேர்வு எழுதிவிட்டதாகச் சொன்னான். எந்த ஊர் மையத்தில் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். ஆலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றான்.

அவனுடைய மாற்றுச் சான்றிதழ் இன்னும் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. கட்டத்தில் 'இளையோர் நாடாளுமன்றம், பள்ளி நிலை' என்று எழுதியிருக்கிறது.

சாபி தன் சான்றிதழை வாங்க மே கடைசியில் வந்தான். விடுமுறை, வளாகத்தில் மயில்களும் எழுத்தரும் மட்டும். எழுத்தர் படிவத்தை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார். அந்தக் கட்டத்தில் கோடு. பையன் அதைப் பார்த்தான், குறை எதுவும் சொல்லவில்லை. நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்றிருந்ததை மட்டும் விரலால் ஒருமுறை தொட்டான். முத்திரை வைத்திருந்த இரும்பு அலமாரி திறக்கவில்லை. வெயிலில் கதவு பிடித்துக்கொண்டதோ, பூட்டின் உள்ளே ஏதேனும் நழுவியதோ, எழுத்தர் பத்து நிமிடம் போராடிவிட்டு வியர்த்து உட்கார்ந்தார். பையன் மேசை மேலிருந்த காகித ஊசி ஒன்றை நிமிர்த்தி, காதை அலமாரியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

எழுத்தர் முத்திரை குத்திச் சான்றிதழை நீட்டினார். பிறகு, "பேட்டா, பக்கத்து அறையில் இரண்டு அலமாரி கிடக்கிறது, கொரோனாவிலிருந்து யாராலும் திறக்க முடியவில்லை" என்றார். இரண்டு மணிப் பேருந்து வளாக வாசலில் நின்று, ஒலி எழுப்பிப் பார்த்து, போய்விட்டது. அடுத்தது ஐந்தரைக்கு.